மூன்று வயதும் பதினாறு வயதும் ஒரே வீட்டில்: கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளை வளர்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து) ஓய்வுநாள் பள்ளியில், அதாவது பிள்ளைகளுக்கான ஞாயிறு வேதாகம வகுப்பில், பதினெட்டு வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பத்தாம் வகுப்பு, கடைக்குட்டி ஒன்றாம் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் அப்பாக்களும் கோயில் வேப்பமரத்தடியில் நின்று என்னிடம் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்க வீட்டிலும் பெந்தெகொஸ்தே வீட்டிலும் வழக்கம் கொஞ்சம் மாறும். பெற்றோரின் கவலை ஒன்றுதான்.

குடும்ப ஜெபத்தில் பெரியவன் கொட்டாவி விடுகிறான், சின்னவள் பாயில் உருளுகிறாள். எல்லோரையும் வைத்து எப்படி நடத்துவது?

முதலில் நேரத்தைக் குறையுங்கள். பல வீடுகளில் ஒரு கீர்த்தனை, ஒரு முழு அதிகாரம், அப்பாவின் விளக்கம், பிறகு உறவினர் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லும் நீண்ட ஜெபம் என்று நாற்பது நிமிஷம் ஓடுகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பு அவ்வளவு நேரம் அடங்காது. அதை அடக்கமின்மை என்று எண்ணி மிரட்டினால் ஜெப நேரம் என்பது அதட்டு வாங்கும் நேரமாகவே அதன் மனசில் பதியும். எங்கள் வீட்டில் பன்னிரண்டு நிமிஷம்தான். ஒரு பாட்டு, பத்துப் பதினைந்து வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம்.

இரண்டாவது, ஒரே பகுதியை வாசித்து வயதுக்கு ஏற்ற கேள்வியைக் கேளுங்கள். யோனாவின் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4 அதிகாரம், 48 வசனம். ராத்திரிக்கு ஒன்றாக நாலு நாளில் முடியும். சின்னவளிடம், “மீனுக்குள்ளே இருட்டா இருந்திருக்குமா? யோனா அங்கே என்ன செஞ்சாரு?” என்று கேட்கலாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், “நினிவேக்குப் போகச் சொன்னா ஏன் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினாரு?” என்று கேட்கலாம். பதினாறு வயதுக்காரனுக்கு நாலாம் அதிகாரம் இருக்கிறது. நினிவே ஊரின் கெட்டவர்கள் மனந்திரும்பியதும் தேவன் மன்னித்துவிட்டார், அதற்காக ஒரு தீர்க்கதரிசி கோபப்படுகிறார். அது நியாயமா? தலைக்கு மேல் நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்குப் பரிதபிக்கிற மனுஷன், லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊர் அழிந்தால் பரவாயில்லை என்று நினைக்கிறார். என் மகன் அன்றைக்கு, “அப்போ யோனாதான் கெட்டவரு” என்றான். அவனுடைய வகுப்பில் ஒருவன் அவனை ரொம்ப நாளாகக் கேலி செய்துகொண்டிருந்தது அந்தப் பேச்சில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அன்று ஜெபம் பன்னிரண்டு நிமிஷத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் போனது, யாரும் கொட்டாவி விடவில்லை.

மூன்றாவது, பெரிய பிள்ளையைச் சின்னதற்கு வாத்தியாராக்கிவிடாதீர்கள். “நீ மூத்தவ, நீ சொல்லிக்கொடு” என்று தினமும் சொல்வது எளிது. ஆனால் அவளுக்கும் கேட்கிற இடம் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அவள் நடத்தட்டும், மற்ற நாள் அவளும் பிள்ளையாகவே உட்காரட்டும்.

காலையிலா, ராத்திரியிலா?

எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம் எதுவோ அது. எங்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பிட்ட பிறகு என்றால் தூக்கம் சொக்கும்.

கைக்குழந்தையை ஆராதனைக்குக் கொண்டுபோனால் அழுகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

திரும்பிப் பார்க்கட்டும். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியபோது இயேசு விசனமடைந்தார் என்று மாற்கு 10-ல் இருக்கிறது. அழாத பிள்ளைகளை மட்டும் கொண்டுவரச் சொல்லவில்லை. வாசலுக்கு அருகில் உட்காருங்கள், ரொம்ப அழுதால் எழுந்து வெளியே போய்த் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள். வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போவதும் தப்பில்லை. கணவனும் மனைவியும் வாரம் மாற்றிப் போகலாம். ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவே கோயிலுக்கு வெளியே நின்று பிரசங்கத்தைத் தவறவிடுகிற வழக்கம்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வேதாகமத்தில் யுத்தமும் கொலையும் இருக்கிறதே, சின்னப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

ஐந்து வயதுவரை சிருஷ்டிப்பு, நாணற்பெட்டியில் மோசே, ஐந்து அப்பம் இரண்டு மீன், காணாமற்போன ஆடு, கடலை அமர்த்தியது, மரத்தில் ஏறிய சகேயு. இவையே போதும், நூறு தடவை கேட்டாலும் அலுக்காது. நோவாவின் பேழையை மிருகக்காட்சி சாலை மாதிரிச் சொல்லிவிடுகிறோம். ஏழு எட்டு வயதில் ஒரு பிள்ளை, “மத்தவங்கல்லாம் செத்துட்டாங்களா டீச்சர்?” என்று கட்டாயம் கேட்கும். அப்போது மழுப்பாதீர்கள். “ஆமா, அது ரொம்பத் துக்கமான கதை. தேவனுக்கும் மனசு வலிச்சதுன்னு ஆதியாகமம் 6-ல எழுதியிருக்கு” என்று சொல்லுங்கள். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியதை நான் பத்து வயதுக்குக் கீழே சொல்வதில்லை. நம்ம அப்பாவும் அப்படிச் செய்வாரோ என்று பிள்ளை பயப்படும். அந்தப் பயத்தோடு ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரு குழந்தையை எனக்குத் தெரியும்.

வசனப் போட்டியில் என் மகள் பரிசு வாங்குவதில்லை. மனப்பாடம் செய்ய வைப்பது நல்லதா?

நல்லது. இருபத்துமூன்றாம் சங்கீதம் மனசில் இருக்கிற பிள்ளைக்கு, பின்னாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல ஒரு வார்த்தை இருக்கும். என் அம்மா கடைசி நாட்களில் பிள்ளைகளின் பெயரையே மறந்தார். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்று எடுத்துக்கொடுத்தால் “நான் தாழ்ச்சியடையேன்” என்று முடிப்பார்.

பரிசு வேறு விஷயம். எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை மேடையில் நிறுத்தித் திணற வைத்தால் வேதாகமத்தின் மேலேயே வெறுப்பு வரும். அவர்களுக்கு வசனத்தை ராகத்தில் சொல்லிக்கொடுங்கள். நம்மிடம் கீர்த்தனை மரபு இருக்கிறது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து எழுதப்படிக்கத் தெரியாத ஜனங்களும் பாட்டாகவே வேதத்தைக் கற்றிருக்கிறார்கள்.

“பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்” என்று வசனமே இருக்கிறதே. அடிக்கலாம்தானே?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது, பெரும்பாலும் அப்பாக்களிடமிருந்து. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீதிமொழிகள் 13:24 அப்படித்தான் சொல்கிறது. 23-ஆம் அதிகாரத்தில் அடிப்பதைப் பற்றி இன்னும் வெளிப்படையாகவே இருக்கிறது. அந்த வசனங்களே இல்லாததுபோல நான் பேச மாட்டேன். ஆனால் அங்கே பிரம்பு என்று மொழிபெயர்த்திருக்கும் அதே எபிரெயச் சொல்தான் 23-ஆம் சங்கீதத்தில் “உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்” என்ற இடத்தில் கோல் என்று வருகிறது. மேய்ப்பன் அந்தக் கோலால் ஓநாயை விரட்டுவான், வழி தப்பிய ஆட்டைத் திருப்புவான். ஆடு அந்தக் கோலைப் பார்த்தால் அதற்குத் தைரியம் வரும். உங்கள் கையில் கம்பைப் பார்க்கும் பிள்ளைக்கு என்ன வருகிறது என்று அதன் முகத்தைப் பாருங்கள்.

புதிய ஏற்பாட்டில் பவுல் அப்பாக்களிடம் நேரடியாகப் பேசும்போது வேறொன்றைச் சொல்கிறார். “உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக” என்பது எபேசியர் 6:4. கொலோசெயர் 3:21-ல் காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகக் கூடாது. பிரம்பு வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிற அப்பாக்கள் பலருக்கு இந்த வசனம் தெரிவதில்லை.

நான் என் மூத்தவளை அடித்திருக்கிறேன். அவளுக்கு ஆறு வயதிருக்கும். பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். நான் அடித்தது பாலுக்காகவா, அன்று அலுவலகத்தில் நான் பட்ட அவமானத்துக்காகவா என்று யோசித்தபோது எனக்கே பதில் தெரிந்தது. இளையவனையும் கடைக்குட்டியையும் நாங்கள் அடித்து வளர்க்கவில்லை. கண்டிப்பு இருக்கிறது. உடைத்ததை அவர்களே கூட்டி அள்ள வேண்டும், யாரைத் திட்டினார்களோ அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், பொய் சொன்னால் அடுத்த சனிக்கிழமை விளையாட்டு கிடையாது. இதற்கு அடிப்பதைவிட அதிகப் பொறுமை வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சொன்னதை நாமும் நிறைவேற்றியாக வேண்டும்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் படிக்கும் வகுப்பில் வாங்காத அடியை ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய வீட்டில் ஒரு பிள்ளை வாங்கக் கூடாது.

மூத்தவன் சாந்தம், இளையவன் முரடு. ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

யாக்கோபு யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்துகொடுத்தார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும்: அண்ணன்மார் அவனைக் குழியில் போட்டு, இருபது வெள்ளிக்காசுக்கு விற்று, அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்தார்கள். விசுவாசத்தின் தகப்பன்மார் வரிசையில் வருகிறவரே இந்த இடத்தில் சறுக்கினார். நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எனக்கு உதவிய ஒரு வழி இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் வாழ்ந்த சூசன்னா வெஸ்லியிடமிருந்து கிடைத்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பாடலாசிரியர் சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாய். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். வறுமையும் வேலையும் நெருக்கிய அந்த வீட்டில், ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கித் தனியே உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை, சார்லஸுக்கு சனிக்கிழமை. ஜான் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும் அந்த வியாழக்கிழமை மாலைகளை நினைத்துத் தாய்க்கு எழுதினார். பிள்ளைகளின் சித்தத்தைச் சிறுவயதிலேயே அடக்கிவிட வேண்டும் என்ற சூசன்னாவின் கடுமையான முறை எனக்கு ஏற்புடையதில்லை. அந்த வியாழக்கிழமையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மகனுக்குச் செவ்வாய்க்கிழமை. அவனும் நானும் மட்டும் மார்க்கெட்டுக்கு நடந்து போய்வருவோம். அந்த நேரத்தில் அக்காவின் பெயரோ தங்கையின் பெயரோ வராது. முதல் இரண்டு மாதம் அவன் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் மாதம் ஆரம்பித்தான்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நீட் பயிற்சி எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறார்கள். என்ன செய்ய?

ஒரு வருஷம் முழுக்கக் கோயிலை நிறுத்திவிடாதீர்கள். “பரீட்சை முடியட்டும், அப்புறம் ஆண்டவர்” என்று நாம் ஒருமுறை சொன்னால், பிள்ளை அதை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளும். வேலை கிடைக்கட்டும், வீடு கட்டட்டும் என்று அது நீளும். காலை முதல் ஆராதனைக்குப் போய்விட்டுப் பயிற்சிக்கு அனுப்பலாம். அதே சமயம், கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அந்தப் பயிற்சி எவ்வளவு பெரிய வாசல் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களைக் குற்றப்படுத்த எனக்கு மனசு வராது. சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பை ஆரம்பிக்கச் சொல்லி ஐயரிடம் (போதகரிடம்) கேளுங்கள். எங்கள் சேகரத்தில் கேட்டோம், ஆரம்பித்தார்கள்.

போன்?

வேதாகமத்தையே போனில் வாசிக்கிற அப்பா, பிள்ளையிடம் “போனை வை” என்று சொன்னால் எடுபடாது. ஜெபத்துக்கு அச்சிட்ட வேதாகமத்தை எடுங்கள். ராத்திரி எல்லாருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, சமையலறை அலமாரியில் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டிலிருந்து பொங்கலும் தீபாவளிப் பலகாரமும் வருகிறது. பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

வாங்கி நன்றி சொல்லச் சொல்லிக்கொடுங்கள். படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி கொரிந்து சபையிலேயே வந்தது. பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மனச்சாட்சியையும் அன்பையும் வைத்து அதைப் பேசுகிறார். உங்கள் மனச்சாட்சி இடங்கொடுக்காவிட்டால் சாப்பிடாதீர்கள், அது உங்கள் வீட்டுத் தீர்மானம். ஆனால் வாசலில் புன்னகையோடு வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தியதும் குப்பையில் போடுவதைப் பிள்ளை பார்த்தால் அது பக்தியைக் கற்காது, இரட்டை முகத்தைக் கற்கும். கிறிஸ்மஸுக்கு நாம் கொடுக்கும் கேக்கை அந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்கள்! பக்கத்து வீட்டுத் தெய்வத்தைக் கேலி செய்து ஒரு வார்த்தைகூட என் பிள்ளைகள் வாயில் வரக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம்.

என் கணவர் விசுவாசத்தில் இல்லை. நான் தனியாக என்ன செய்ய முடியும்?

பவுலின் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர் என்று அப்போஸ்தலர் 16:1 சொல்கிறது. அவனுக்குள் இருந்த விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். பிள்ளைகளுக்கு முன் கணவரைக் குறைத்துப் பேசாதீர்கள். அவர்கள் அப்பாவையும் நேசிக்க வேண்டும்.

ஞானஸ்நானம், திடப்படுத்தல் எந்த வயதில்?

அது உங்கள் சபையின் ஒழுங்கைப் பொறுத்தது. எங்களிடம் குழந்தைக்கு ஞானஸ்நானம், வளர்ந்து தானாக அறிக்கைசெய்யும்போது திடப்படுத்தல். கத்தோலிக்கரிடம் புதுநன்மையும் (முதல் நற்கருணை) உறுதிபூசுதலும் உண்டு. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தையைப் பிரதிஷ்டை செய்து, விசுவாசத்தை அறிக்கைசெய்த பிறகு முழுக்கு ஞானஸ்நானம். எதுவானாலும், கூடப்படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் எடுக்கிறார்கள், புதுச்சேலை எடுத்தாயிற்று, உறவினர் வருகிறார்கள் என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். “இன்னும் ஒரு வருஷம் கழிச்சு எடுக்கிறேம்மா” என்று சொல்லும் பிள்ளை அதை எவ்வளவு உண்மையாக எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

பதினாறு வயது மகன், “எனக்கு நம்பிக்கை இல்லை, கோயிலுக்கு வரமாட்டேன்” என்கிறான்.

உங்களிடம் சொல்லியிருக்கிறானே, அதற்கு நன்றி சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் வாரா வாரம் வந்து உட்கார்ந்து, விடுதிக்குப் போன நாளோடு விட்டுவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம்.

அன்றைக்கே ஊழியக்காரரை வரவழைத்துத் தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொல்லாதீர்கள். சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் போன் போடாதீர்கள். என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பெரும்பாலும் டார்வினால் வருவதில்லை. கோயிலில் மரியாதையாக இருக்கிற ஒருவர் வெளியே எப்படி நடக்கிறார் என்று பார்த்திருப்பான். சேகரத் தேர்தலில் பெரியவர்கள் போட்ட சண்டையைக் கேட்டிருப்பான். தாத்தாவுக்காக அழுது ஜெபித்தும் தாத்தா இறந்திருப்பார். அதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று மாற்கு 9-ல் கதறியவரும் ஒரு தகப்பன்தான். பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் வாயை மூடச் சொல்லவில்லை.

கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகலாமா? பத்து வயதுப் பிள்ளையை “வா, நாம எல்லாரும் போறோம்” என்று கூட்டிப்போகலாம். பதினாறில் இழுத்துப்போனால் உடம்பு மட்டும்தான் வரும். வீட்டு ஜெபத்தில் பேசாமல் உட்கார்ந்தாவது இருக்கச் சொல்லுங்கள். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் தட்டும் இருக்கட்டும், வராததைப் பற்றிக் குத்திப் பேசாதீர்கள். கெட்ட குமாரனின் தகப்பன், மகன் தூரத்தில் வரும்போதே கண்டு ஓடினார் என்று லூக்கா 15-ல் இருக்கிறது. தூரத்திலேயே கண்டார் என்றால் அந்த வழியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

சபையில் யாரையும் நம்பி விடலாம்தானே?

வேண்டாம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். தொடக்கூடாத இடம் எது என்று மூன்று வயதிலிருந்தே சொல்லிக்கொடுங்கள். ஊழியக்காரர், அண்ணன், மாமா யாராக இருந்தாலும் “வேண்டாம்” என்று சொல்லலாம், அம்மாவிடம் சொல்லலாம் என்று பழக்குங்கள். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நாட்களிலும் வாலிபர் முகாமிலும் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பது விதியாகவே இருக்கட்டும். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றத்தைத் தெரிந்தவர்கள் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், மறைப்பது குற்றம். 1098 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். “சபைக்குக் கெட்ட பெயர்” என்று சொல்லி யாராவது உங்களை அமர்த்த வந்தால் அவர்களுக்குக் கீழ்ப்படியாதீர்கள்.

மகளுக்கு இருபத்து நாலு வயது. வேறு சாதிப் பையன், ஆனால் விசுவாசி. சொந்தக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை அடியோடு விடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் நம் கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் “இரட்சிக்கப்பட்ட” என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப்பெயர் நிற்கிறது. மூன்று வயதில் “இயேசு எல்லாப் பிள்ளைகளையும் நேசிக்கிறார்” என்று பாட வைத்தவர்கள் நாம்தான். அந்தப் பாட்டை அவள் நம்பியிருக்கிறாள். பையனின் குணத்தையும் வேலையையும் பழக்கவழக்கத்தையும் விசாரியுங்கள். நல்லவன் என்றால் சொந்தக்காரர்கள் முன் மகள் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

நான் நிறையத் தவறு செய்துவிட்டேன். இனிமேல் ஆரம்பித்துப் பயன் உண்டா?

உண்டு. பால் பாத்திரத்துக்காக அடித்த மகளிடம், அவளுக்குப் பதினேழு வயதானபோது நான் மன்னிப்புக் கேட்டேன். மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். “அன்னைக்கு நீங்க பச்சைச் சேலை கட்டியிருந்தீங்கம்மா” என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய் இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.